தோட்டாவில் பெயர் பதித்த பெர்டன்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், பெல்ப்ஸ் என்று ஓர் ஊர். 1824-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி அங்கே பிறந்தவர் ஹைரம் பெர்டன்.

இயந்திரம் என்றால் அவருக்கு உயிர். தங்கம் கலந்த பாறையை அரைக்க ஓர் இயந்திரம் செய்தார். ரொட்டி சுட ஓர் இயந்திரம் செய்தார். கையில் பணம் சேர்ந்தது. பெயரும் சேர்ந்தது. ஆனால் அவருக்குப் பெரும் புகழ் தந்தது வேறொன்று. துப்பாக்கி சுடுவதில் அந்த நாளில் அமெரிக்காவிலேயே அவருக்கு நிகர் இல்லை என்றார்கள்.

பச்சைச் சட்டைப் பட்டாளம்

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதின. அடிமை முறையால் மூண்ட உள்நாட்டு யுத்தம் அது. பெர்டன் வடக்கின் பக்கம். குறி தவறாமல் சுடுபவர்களை மட்டும் சேர்த்து ஒரு படை திரட்டினார்.

அதில் சேருவது எளிதல்ல. 200 கஜ தூரத்தில் ஓர் இலக்கு. பத்துத் தடவை சுட வேண்டும். பத்துக் குண்டும் 10 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று வெளியே போனாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்! தேறியவர்களுக்குப் பச்சை நிற உடுப்பு. மரம் செடிகளுக்கு நடுவே பதுங்கினால் கண்ணில் படாது அல்லவா?

தம் ஆட்களுக்குப் பின்பக்கம் தோட்டா போடும் புதுத் துப்பாக்கி வேண்டும் என்று பெர்டன் கேட்டார். ராணுவத்தின் மேலதிகாரிகள் இணங்கவில்லை. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் முகாமுக்கே வந்து சுடும் வித்தையைப் பார்த்தார். அவருடைய ஆதரவு கிடைத்த பிறகே வழி பிறந்தது. 1863-ம் ஆண்டு ஜூலை மாதம் கெட்டிஸ்பர்க் போரில் அந்தப் படை நல்ல பெயர் எடுத்தது. பெர்டன் மட்டும், ஆள் திரட்டுவதில் காட்டிய சூரத்தனத்தைக் களத்தில் காட்டவில்லை என்று சொந்த ஆட்களே முணுமுணுத்தார்கள். 1864-ம் ஆண்டு ஜனவரியில் அவர் படையை விட்டு விலகினார்.

பித்தளைக் கூடு

பெர்டனின் பெயர் நிலைத்தது அதற்குப் பிறகு செய்த ஒரு சின்ன வேலையால்.

அதற்கு முன் தோட்டா என்பது பெரும்பாலும் காகிதச் சுருள்தான். நம் நாட்டில் 1857-ல் சிப்பாய்கள் கொதித்தெழக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டாவும் அந்த ஜாதிதான். பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைத் திணிக்க வேண்டும். மழை பெய்தால் மருந்து நனைந்துபோகும்.

உலோகக் கூட்டுத் தோட்டா வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. கூட்டின் வாயில் குண்டு. வயிற்றில் மருந்து. அடியில் ஒரு சின்னக் கேப்பு. குழந்தைகள் தீபாவளிக்கு வெடிக்கும் பொட்டு வெடி போன்றதுதான் இந்தக் கேப்பு. அடி விழுந்தால் தீப்பொறி பறக்கும். ஆனால் நசுங்குவதற்கு எதிரே கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும். கொல்லன் சம்மட்டியால் அடிக்கிறான் என்றால் கீழே பட்டடைக்கல் வேண்டாமா?

அந்தப் பட்டடைக்கல்லைக் கூட்டின் அடியிலேயே ஒரு சிறு மொட்டுப் போல அமைத்து, 1866-ம் ஆண்டு பெர்டன் உரிமைப் பட்டயம் பெற்றார். நாளடைவில் அந்த மொட்டின் இரு பக்கமும் தீ உள்ளே போக இரண்டு துளைகள் வைப்பது வழக்கமாயிற்று. கூட்டை அவர் முதலில் செம்பில் செய்தார். செம்பு உப்பினால் உப்பியபடியே நின்றுவிடும், துப்பாக்கிக்குள் சிக்கிக்கொள்ளும். பித்தளையோ உப்பிய பிறகு தானே சற்றுச் சுருங்கும். ஆகவே பித்தளைக்கு மாறினார்.

அதே 1866-ல் இங்கிலாந்தில் கர்னல் எட்வர்ட் பாக்சர் என்பவர் வேறு வழி கண்டார். அவர் பட்டடைக்கல்லைக் கேப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். அதனால் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை போதும்.

இரண்டு துளைக்கும் ஒரு துளைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். தொழிற்சாலைக்கு வித்தியாசம் இல்லை. வீட்டில் தோட்டா தயாரிப்பவனுக்கு உண்டு!

தோட்டாவில் விலை கூடிய பகுதி பித்தளைக் கூடுதான். சுட்ட பிறகும் அது அப்படியே இருக்கிறது. அதை எறிய மனம் வராத அமெரிக்க வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே பழைய கேப்பைத் தள்ளிவிட்டு, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து, மறுபடி பயன்படுத்துகிறார்கள். (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.) பாக்சர் கூட்டில் நடுத்துளை வழியாக ஒரு கம்பியை விட்டு அழுத்தினால் கேப்பு வெளியே விழும். பெர்டன் கூட்டில் அந்தக் கம்பி மொட்டில் முட்டி வளையும், இல்லை, ஒடியும்.

கேப்பு நீங்கியதும் வேலை முடிந்ததா? இல்லை. சுடும்போது கூடு உப்புகிறது. அதை அச்சில் இட்டு அழுத்திப் பழைய உருவுக்குக் கொண்டுவரும்போது, பிசைந்த மாவு விரல் இடுக்கில் பிதுங்குவது போலப் பித்தளை வாய்ப்பக்கம் நகருகிறது. கழுத்து நீளுகிறது. நீளத்தை அளந்து, மிஞ்சியதைக் கைப்பிடி சுற்றும் சிறு கடைசல் கருவியால் சீவ வேண்டும். 1906-ம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்ற தோட்டாவின் கூடு 2.494 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. 2.484 அங்குலமாகச் சீவுவார்கள். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு!

இந்த அற்ப அளவுக்காகவா இத்தனை பாடு? ஆம். சீவாமல் விட்டால் கூட்டின் வாய் துப்பாக்கி அறையின் விளிம்பில் முட்டி, குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். குண்டு நழுவ வழியில்லாமல் உள்ளே அழுத்தம் எகிறும். துப்பாக்கியே உடைந்து, சுடுபவரின் கண்ணையோ கையையோ பறித்துவிடலாம். சீவிய பிறகும் வாயின் உள்ளும் புறமும் உள்ள பிசிறை வழித்துவிட வேண்டும்.

மீண்டும் மீண்டும் பயன்படும் கூட்டுக்குத்தான் இந்தச் சீவல் எல்லாம். நாளடைவில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஆங்கிலேயரான பாக்சரின் ஒற்றைத் துளையையே ஏற்றன. அமெரிக்கரான பெர்டனின் கேப்பு ஐரோப்பாவில் பரவியது. பிறந்த நாட்டில் வீட்டில் தோட்டா செய்கிறவர்களோ, இரண்டு துளையுள்ள கூடு கையில் வந்தால் பெரும்பாலும் ஒதுக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

ரஷ்யா அழைத்தது

ரஷ்யா பெர்டனைக் கொண்டாடியது. 1868-லும் 1870-லும் அவருடைய துப்பாக்கிகளை அதன் ராணுவம் ஏற்றது. 1891-ல் புதுத் துப்பாக்கி வந்த பிறகும் சைபீரிய வேட்டைக்காரர்கள் அதை விடவில்லை. பெர்தாங்கா என்று செல்லமாக அழைத்தார்கள்.

பெர்டனின் மகள் எலிசபெத் 1884-ம் ஆண்டு துருக்கியின் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் மணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை நாவலாசிரியர் மரியான் கிராபோர்ட். அலகாபாத்தில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர்.

தம் கண்டுபிடிப்பைத் தம் நாட்டுச் சர்க்காரே ராணுவத் துப்பாக்கியில் பணம் தராமல் பயன்படுத்திக்கொண்டது என்பது பெர்டனின் குறை. அவருடைய கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு இழுத்தது. 1893-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அவர் வாஷிங்டனில் காலமானார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கம்பெனிக்குப் பணம் சேர வேண்டியதுதான் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1895-ம் ஆண்டில்.