பாரம் அறிந்த அமைச்சர்

மயிலின் இறகு மிக மெல்லியது. ஆயினும் அவ்விறகையே அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்னும் உண்மையைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே அரசர்க்கு உணர்த்தினார். மாட்டுவண்டிக்குப் பொருந்திய அவ்வுண்மை புகைவண்டிக்கும் பொருந்தும். புகைவண்டிக்குப் பொருந்துவது பேரரசுக்கும் பொருந்தும். இதனைத் தம் வாழ்நாளிற் கண்ணாரக் கண்டவர் ஒருவர் உருசிய நாட்டிலே இருந்தார். அவர் பெயர் செர்கேய் வித்தே. உலகத்து இருப்புப்பாதைகளுள் மிக நீண்டதாகிய சைபீரியப் பெரும்பாதையை விரைந்து உருப்பெறச் செய்த அமைச்சர் அவரே.

அவர் வரலாற்றைக் கூறுமுன் அப்பாதை செல்லும் நிலங்களைச் சிறிது நோக்குவோம். மொஸ்கோ நகரிலே புறப்படும் வண்டி வொல்கா ஆற்றைக் கடந்து, ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் ஊரல் மலைத்தொடரை அடைகின்றது. அம்மலைகள் வானளாவியன அல்ல. ஒரு கண்டம் நீங்கி மறுகண்டம் புகுந்ததைப் பிரயாணி உணராமலே இருந்துவிடலாம். அதன்பின் மேற்குச் சைபீரியச் சமவெளி விரிகின்றது. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளியும் சதுப்பும் வெண்பட்டை போர்த்த பேர்ச் மரக்கூட்டங்களுமே தோன்றும். இர்த்தீசு, ஓபு, யெனிசேய் என்னும் பேராறுகள் வடதிசை நோக்கி உறைபனிக் கடலுக்குச் செல்வன. யெனிசேய்க்கு அப்பால் பைன் மரமும் லார்ச் மரமும் செறிந்த பெருங்காடு நாட்கணக்காகத் தொடர்கின்றது. காடு விலகுமிடத்திலே, 1,642 மீற்றர் ஆழமுடையதும் உலகின் ஏரிகளுள் மிக ஆழமானதுமாகிய பைக்கால் ஏரி காட்சியளிக்கின்றது. பின்னர் யாப்லொனொவி மலைகளையும் ஆமூர் ஆற்றின் நாட்டையும் உசூரிக் காடுகளையும் கடந்து, பசிபிக் சமுத்திரக் கரையிலுள்ள விளாடிவொஸ்தொக் துறைமுகத்திலே பாதை முடிவடைகின்றது. மொத்த நீளம் 9,288 கிலோமீற்றர். பிரயாணம் ஏறத்தாழ ஏழு நாட்கள்.

இப்பாதை அமையுமுன் அந்நிலத்தைக் கடந்தவர் பட்ட துன்பம் பெரிது. கோடையிலே குதிரைவண்டி சேற்றிற் புதையும். மாரியிலே பனிச்சறுக்கு வண்டியே கதி. ஆறுகளோ வடக்கு நோக்கி ஓடுவன. கிழக்கே போக விரும்புவோனுக்கு அவை வழியாதலினும் தடையாதலே மிகுதி. சிறுகதை மன்னரெனப் போற்றப்படும் செக்கோவ் 1890 ஆம் ஆண்டிலே சகாலின் தீவுச் சிறைவாசிகளின் நிலையைக் காணச் சென்றபோது, குதிரைவண்டியிலும் படகிலுமாக அலைப்புண்டு அங்குச் சேர ஏறத்தாழ மூன்று திங்கள் சென்றன. திரும்பும்போது அவர் அவ்வழியை நாடாது கடல்வழியே வந்தார். அவ்வாறு வரும் வழியிலேதான் நம் இலங்கையிலும் இறங்கினார்.

வித்தே 1849 ஆம் ஆண்டிலே, இன்று ஜோர்ஜியாவின் தலைநகராயுள்ள திபிலிசி நகரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். தாயார் உயர்குடிப் பெண்மணி. பிரமஞான சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராய், இந்நாட்டவர்க்கும் அறிமுகமான பிளவாற்ஸ்கி அம்மையார் அவருக்குத் தாய்வழியிலே பெரியம்மாவின் மகளாவர். ஒடெசா நகரப் பல்கலைக்கழகத்திலே கணிதம் பயின்று 1870 ஆம் ஆண்டிலே தேறிய வித்தே, பேராசிரியராகவே விரும்பினார். தந்தையார் இறந்தமையாற் குடும்பம் வறுமையுற்றது. உறவினரும் ஆசிரியத் தொழிலைத் தங்குடிக்கு ஏற்றதாகக் கருதவில்லை. ஆதலால் அவர் ஒடெசா இருப்புப்பாதையிலே வேலைக்கமர்ந்தார்.

பெரிய குடும்பத்துப் பிள்ளையென்று அவர் மேசைக்குப் பின்னே அமர்ந்துவிடவில்லை. பயணச்சீட்டு விற்குமிடத்திலும், சரக்குப் பகுதியிலும், நிலையப் பணியிலும் முறையே நின்று தொழிலை அடியிலிருந்து கற்றார். அத்தொழிலின் கொடிய பாடமும் அவருக்கு விரைவில் வாய்த்தது. 1875 ஆம் ஆண்டின் இறுதியிலே, பழுதுபார்ப்பதற்காகத் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்த ஓரிடத்தில், புதிதாய்ச் சேர்ந்த படைவீரரை ஏற்றிவந்த வண்டி கவிழ்ந்து பலர் மாண்டனர். போக்குவரவுக்குப் பொறுப்பாயிருந்த வித்தேக்கு நான்கு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்து நிகழ்ந்த துருக்கி யுத்தத்திலே படைகளைத் திறம்பட ஏற்றியனுப்பிய காரணத்தால் அத்தண்டனை இரண்டு வாரமாகக் குறைந்தது. தண்டனை குறைந்ததேயன்றி, இறந்தோர் மீளவில்லை. பாதையின் ஒரு சிறு குறை எத்தனை உயிரைக் கொள்ளும் என்பதை அவர் ஏட்டிற் படிக்கவில்லை; நேரிலே படித்தார்.

1886 ஆம் ஆண்டிலே அவர் கீவ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு இருப்புப்பாதையின் முகாமையாளரானார். 1888 ஆம் ஆண்டிலே மூன்றாம் அலெக்சாந்தர் மன்னர் அப்பாதை வழியே சென்றார். மன்னர் வண்டியோ மிகப் பாரமான பெட்டிகளைக் கொண்டது. பாரமான இரண்டு இயந்திரங்கள் அதனை இழுத்தன. அத்துணைப் பாரத்துடன் அத்துணை வேகமாகச் செல்லத் தம் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் இடம்கொடா எனக் கணக்கிட்ட வித்தே, வேகத்தைக் குறைக்க வேண்டுமென்று பிடிவாதமாய் நின்றார். மன்னரின் உயிரைப் பணயம் வைக்கத் தாம் உடன்படேன் என அவர் கூறியதை மன்னரும் கேட்டு வெறுப்புற்றனர் என்று அவர்தம் நினைவேடு கூறுகின்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள், கார்க்கிவ் நகருக்கு அண்மையிலுள்ள போர்க்கி என்னுமிடத்திலே, வேறொரு பாதையில், மன்னர் வண்டி தடம்புரண்டது. இருபதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். மன்னரும் குடும்பத்தாரும் தப்பினர்.

இடித்துரைத்தவரை வெறுத்த மன்னர், இடிப்புண்ட பின் அவரை மறக்கவில்லை. இதுவே அம்மன்னரின் பெருமை. 1889 ஆம் ஆண்டிலே வித்தே நிதியமைச்சின் இருப்புப்பாதைப் பகுதிக்குத் தலைவராக அழைக்கப்பட்டார். 1892 ஆம் ஆண்டு முற்பகுதியிலே போக்குவரத்து அமைச்சராகவும், அவ்வாண்டிலேயே நிதியமைச்சராகவும் உயர்ந்தார். பயணச்சீட்டு விற்ற கை பேரரசின் திறைசேரித் திறப்பைப் பெற்றது.

சைபீரியப் பாதையின் தொடக்க விழா 1891 மே 31 ஆம் நாள் விளாடிவொஸ்தொக் நகரிலே நடந்தது; இளவரசர் நிக்கொலாசு அதில் முதல்வினை புரிந்தார். ஆனால் விழாவினாற் பாதை நீளாது, பணத்தினாலேயே நீளும். அப்பணத்தைத் தேடியவர் வித்தே. மதுவிற்பனையை அரசின் தனியுரிமையாக்கினார். வெளிநாட்டுக் கடன் பெற்றார். 1897 ஆம் ஆண்டிலே நாணயத்தைப் பொன்மதிப்பில் நிறுத்தினார். வரியின் சுமை பெரும்பாலும் ஏழைக் குடியானவன் முதுகிலேயே விழுந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

வேலை பல இடங்களில் ஒரே காலத்திலே தொடங்கியது. குடியானவரும் படைவீரரும் சிறைவாசிகளும், கிழக்கிலே சீனத் தொழிலாளரும் உழைத்தனர். கோடையிலும் ஆழத்திலே உருகாத உறைநிலத்தைப் பிளந்தனர். ஓபு ஆற்றுப் பாலம் கட்டிய வேலையாட்களின் குடியிருப்பே வளர்ந்து, இன்று சைபீரியாவின் மிகப் பெரிய நகராகிய நொவொசிபீர்ஸ்க் ஆயிற்று. பாதை சென்றவிடமெல்லாம் நிலமற்ற குடியானவர் இலட்சக்கணக்கிற் சென்று குடியேறினர்.

ஆயினும் ஈண்டு ஒன்று கூறவேண்டும். பாரத்துக்கு ஏற்ற பாதை வேண்டுமென்று மன்னரோடு மாறுபட்ட அதே வித்தே, விரைவையும் சிக்கனத்தையும் கருதி, இப்பெரும்பாதைக்குப் பாரங்குறைந்த தண்டவாளம் இடுவதற்கு உடன்பட்டார். பாதை ஒற்றைப் பாதை, சிற்றாறுகளுக்கு மரப்பாலம். முதலிற் பாதை ஓடட்டும், பின்னர்ப் பலப்படுத்தலாம் என்பது கருத்து. பைக்கால் ஏரியைச் சுற்றியுள்ள மலைகளைக் குடையக் காலம் செல்லுமென்று, இங்கிலாந்திலே செய்வித்துப் பகுதி பகுதியாகக் கொணர்ந்து பொருத்திய பனியுடைக்கும் கப்பலொன்றில் வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்த்தனர். ஆமூர் ஆற்றின் வளைவைத் தவிர்க்க, 1896 ஆம் ஆண்டுச் சீன உடன்படிக்கையின்படி மஞ்சூரியா நாட்டின் ஊடாகவே பாதை இட்டனர். வணிகத்தாற் கீழ்த்திசையை வெல்லலாம் என வித்தே எண்ணினார். வாளால் வெல்லலாம் என வேறு சிலர் எண்ணினர். 1894 ஆம் ஆண்டிலே மூன்றாம் அலெக்சாந்தர் இறக்க, நிக்கொலாசு அரியணை ஏறியிருந்தார். 1898 ஆம் ஆண்டிலே உருசியா போர்ட் ஆதர் துறைமுகத்தைக் கைக்கொண்டது. வித்தே அதனை எதிர்த்தார். யப்பானோடு பகை முற்றுமென்று எச்சரித்தவரின் சொல் கசந்தது. 1903 ஆம் ஆண்டிலே அவர் நிதியமைச்சினின்றும் நீக்கப்பட்டு, அதிகாரமற்ற உயர்பதவி ஒன்றில் இருத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டிலே போர் மூண்டது. ஒரு பேரரசின் படை முழுவதும் மெல்லிய அவ்வொற்றைப் பாதையிலே தொங்கியது. மாரியிலே பைக்கால் ஏரி கல்லாய் உறைந்தது, கப்பலும் பயன்படவில்லை. பனிக்கட்டியின் மீதே தண்டவாளம் இட்டனர். சோதனைக்கு விட்ட இயந்திரம் பனியை உடைத்துக்கொண்டு நீரில் ஆழ்ந்தது. பின்னர்ப் பெட்டிகளைக் குதிரைகள் கட்டி இழுத்தனர். ஏரியைச் சுற்றிய பாதை 1904 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே திறக்கப்பட்டது. அதற்குள் போரின் போக்கு மாறிவிட்டது.

தோற்ற பின்னர் மன்னர் வித்தேயை நினைத்தார். 1905 செப்தெம்பர் 5 ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் நகரிலே, போர்ச்செலவாக ஒரு காசும் கொடாது, சகாலின் தீவின் தென்பாதியை விட்டு, அவர் சமாதானம் முடித்து மீண்டார். மன்னர் அவருக்குக் கோமகன் பட்டம் அளித்தார். பகைவரோ அரைச்சகாலின் கோமகன் என எள்ளினர். அவ்வாண்டு ஒக்டோபரிலே நாடெங்கும் வேலைநிறுத்தம் பரந்தது. அதனை மூட்டியவர் இருப்புப்பாதைத் தொழிலாளரே. வண்டிகள் ஓடாமையால், நாட்டுக்கு இருப்புப்பாதை தந்த அமைச்சர் மன்னரைக் காண நீராவிப் படகிலே போகவேண்டியதாயிற்று. குடிகளுக்கு உரிமையும் மன்றமும் நல்கும் பிரகடனத்தில் ஒக்டோபர் 30 ஆம் நாள் மன்னர் வேண்டாவெறுப்பாய்க் கையொப்பமிட, வித்தே உருசியாவின் முதற் பிரதம மந்திரியானார். ஆனால் அவர் ஆட்சியிலேயே, சைபீரியப் பாதையின் இரு முனைகளிலிருந்தும் தண்டனைப் படைகள் அனுப்பப்பட்டு, கிளர்ந்த தொழிலாளர் பலர் நிலையங்களிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கறையை அவர் வரலாற்றிலிருந்து துடைக்க முடியாது. இருபாலாரும் வெறுக்க, 1906 மே மாதத்திலே பதவி துறந்தார்.

1907 ஆம் ஆண்டிலே அவர் வீட்டுப் புகைபோக்கியில் வெடிகுண்டுகள் இடப்பட்டன. அவை வெடிக்காமையால் உயிர் தப்பினார். தம் நினைவேட்டை அரசாங்கத்தார் கைப்படாதவாறு வெளிநாட்டிலே மறைத்துவைத்தார். 1914 ஆம் ஆண்டிலே மகாயுத்தம் மூண்டபோது, அப்போர் உருசியாவுக்கு அழிவென மீண்டும் எச்சரித்தார். செவிகொடுப்பார் இலர். 1915 மார்ச் 13 ஆம் நாள் உயிர் நீத்தார்.

மறு ஆண்டிலே ஆமூர் ஆற்றுப் பெரும்பாலம் முற்றி, பாதை முழுவதும் உருசிய மண்ணிலேயே அமைந்தது. 1917 மார்ச் மாதத்திலே, செல்லும் வழி அடைபட்டு, பிஸ்கோவ் நிலையத்தில் நின்ற தம் புகைவண்டியிலிருந்தே நிக்கொலாசு மன்னர் முடிதுறந்தார். அடுத்த ஆண்டிலே ஊரல் மலைச்சாரலிலுள்ள யெகாத்தரீன்பூர்க் நகரிலே குடும்பத்தோடு கொல்லப்பட்டார்.

தந்தைக்குப் போர்க்கியிலே கிடைத்தது ஓர் எச்சரிக்கை. அவர் அதனைக் கொண்டார். மைந்தருக்கு எச்சரிக்கைகள் பல கிடைத்தன; அவர் கொண்டிலர். பாதையோ பின்வந்தோராற் பலப்படுத்தப்பட்டு, இரட்டைப் பாதையாகி, 2002 ஆம் ஆண்டிலே முழுவதும் மின்மயமாகி, இன்றும் பாரம் சுமக்கின்றது. தாங்கும் வலி அறிந்து திருத்தியதால் இரும்பு நிலைத்தது. அறிந்து கூறியவரைத் தள்ளியதால் முடி நிலைக்கவில்லை.