கல்லைப் படித்த புரூஸ் பூட்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்புறம் மலைச்சரிவு தொடங்குகிறது. சரிவெங்கும் பாறைகள் கிடக்கின்றன. சில, கிடந்த இடத்திலேயே தேய்ந்து உருண்டவை. சில, மேலிருந்து வந்தவை. பல்லாயிரம் ஆண்டுகளாக மழையும் வறட்சியும் மாறி மாறிச் செய்த வேலை இது.

இத்தகைய கல்லையும் மண்ணையும் தமிழ்நாட்டில் கூர்ந்து படித்த முன்னோடி ஒரு வெள்ளைக்காரர். அவர்தான் ராபர்ட் புரூஸ் பூட்.

பல்லாவரத்தில் கிடைத்த கோடரி

பூட், 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 24-வது வயதில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்துக்கு வந்தார். திருவண்ணாமலை அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் சில பகுதிகளையும் வில்லியம் கிங் என்ற அதிகாரியுடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி. பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே பூட் ஒரு கல்லை எடுத்தார். மற்றவர் கண்ணுக்கு அது வெறும் கல். அவர் கண்ணுக்கு, ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி!

அதே ஆண்டு செப்டம்பரில் பூட்டும் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல ஆயுதங்களைக் கண்டெடுத்தனர். மலையிலிருந்து உருண்டு வந்த கற்களே ஆதிமனிதனுக்கு ஆயுதமாகி இருந்தன.

மண் சொன்ன கதை

ஆயுதம் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதையும் பூட் கவனித்தார். அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் மேலும் ஆராய்ந்தார்கள்.

மழை மிகுந்த காலத்தில் பாறை ஈரத்தில் ஊறி இற்றுப்போகும். வறட்சி வந்தால் மரம், செடி அழிந்து மலை மொட்டையாகும். அப்போது பெருமழை கொட்டினால், பிடிப்பில்லாத கல்லும் மண்ணும் அடிவாரத்துக்கு இறங்கும். ஆறு அதை இழுத்துப்போய் அடுக்கடுக்காகப் படியவைக்கும். ஆகவே ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தின் மழைக்கணக்கு.

அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய ஆயுதங்களுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறியது.

ஏற்காட்டில் ஓய்வு

பூட் 1891-ல் ஓய்வு பெற்றார். பிறகும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக உழைத்தார். ஏற்காட்டில் வீடு அமைத்து வாழ்ந்தார். ஆயுள் முழுவதும் சேர்த்த கற்கள் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி காலமானார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டில் ஒரு தேவாலயத்தில் இருக்கிறது.

மலை ஓயவில்லை

மலைச்சரிவின் வேலை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையின் ஒரு பகுதி சரிந்தது. அடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் வீட்டை மூடின. 7 பேர் மாண்டனர். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

அடிவாரத்தில் கிடக்கும் பாறை, என்றோ ஒருநாள் மேலிருந்து வந்திருக்கலாம். அந்த வழியில் இன்னொன்று வரலாம். அங்கே வீடு கட்ட நினைப்பவர்கள், பூட் செய்ததுபோல, முதலில் காலடி மண்ணைப் பார்க்க வேண்டும்.