பிழை கண்டு மணியடிக்கும் பொறி

கணிப்பொறியின் தந்தை என உலகம் போற்றும் சார்லஸ் பாபேஜ், 1791ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார்.

அக்காலத்தில் மாலுமிகள் அச்சிட்ட கணித அட்டவணைகளை நம்பியே கடலில் வழி கண்டனர். அவற்றைக் கணக்கிட்டவரும் மனிதர், அச்சுக் கோத்தவரும் மனிதர். ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் கப்பலுக்கு ஆபத்து! 1821இல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்த பாபேஜ், பிழைக்கு மேல் பிழை கண்டு மனம் வெதும்பினார். பிழையின்றிக் கணக்கிடும் பொறி ஒன்றை அமைக்க உறுதி பூண்டார்.

அவர் முதலில் வகுத்தது வேறுபாட்டுப் பொறி. 1827இல் தந்தையையும் அன்பு மனைவியையும் இழந்தார். ஆயினும் பணியைக் கைவிடவில்லை. 17,000 பவுனுக்கு மேல் செலவிட்ட அரசாங்கம் 1842இல் கைவிரித்தது. அதற்கு முன்பே, 1834இல், அதனினும் பெரிய பகுப்புப் பொறியை அவர் சிந்திக்கத் தொடங்கியிருந்தார். அதற்குக் கட்டளையிட, பிரான்சு நாட்டு ஜக்கார்டு தறியின் துளையிட்ட அட்டைகளைத் தேர்ந்தார். நூலுக்குப் பெயர்பெற்ற ராஜபாளையத்தையும் நெசவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரையும் அருகில் கொண்ட சோழபுரத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இது தனி மகிழ்ச்சி தருகின்றது.

அப்பொறிக்கு ஒரு மடக்கை எண் தேவைப்பட்டால் மணியடித்து நிற்கும். பணியாள் உரிய அட்டையைச் செருக வேண்டும். கேட்ட எண்ணும் அதன் மடக்கையும் அவ்வட்டையில் சேர்ந்தே இருக்கும். பொறி தான் கேட்ட எண்ணோடு அதனை ஒப்பிடும். மாறியிருந்தால் ஏற்காது, முன்னிலும் உரக்க மணியடித்து, தவறு என்று காட்டும்.

இன்று ஜாவா, பைத்தான் முதலிய கணிப்பொறி மொழிகளில் எக்செப்ஷன் என்பதும் இதனை ஒத்ததே. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னாலும், முழு எண்ணைப் பூச்சியத்தால் வகுக்கச் சொன்னாலும் நிரல் பொய் விடை தராது, நின்று அறிவிக்கும். அப்போது செய்ய வேண்டியதை, நிரல் எழுதுபவர் முன்னரே எழுதி வைக்கலாம்.

தம் பொறி முழுமையடைவதைக் காணாமலே பாபேஜ் 1871 அக்டோபர் 18இல் மறைந்தார். அவர் பிறந்து 200 ஆண்டுகள் ஆன 1991இல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அவரது வரைபடத்தின்படி இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்தனர். அது சரியாகவே கணக்கிட்டது! சக்கரம் இடம் பிறழ்ந்தால் தவறான விடை தராமல் இறுகி நிற்கும்படி அவர் அதனை வகுத்திருந்தார்.

பிழையே நேராது என்று இறுமாந்திருப்பவரைவிட, நேர்ந்தால் எங்கே நிற்பது, எவ்வாறு அறிவிப்பது என்று முன்னரே எண்ணுபவரே அறிவுடையோர். பாபேஜின் வாழ்வு எங்களுக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி, சோழபுரம்