மூன்று முறை தட்டப்பட்ட கதவு

கீழ்புத்துப்பட்டுக்குத் திண்டிவனம் அதிக தூரமில்லை. அந்தத் திண்டிவனத்தில் ஓர் இரவு நடந்த சம்பவம், பிறகு எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்தது.

1890-களின் தொடக்கம். ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்கப் பாதிரியார் அங்கே இருந்தார். அவர் டாக்டரும்கூட. அவருடைய மகள் ஐடா. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவள். அமெரிக்காவில் படித்தவள். தாய்க்கு உடல்நலம் இல்லை என்று பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். சீக்கிரம் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

இரவு கதவு தட்டப்பட்டது. ஓர் இளம் பிராமணர் நின்றார். மனைவி பிரசவத்தில் துடிக்கிறாள், ஐடா வரவேண்டும் என்று கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அனுப்புகிறேன் என்றாள் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர் போய்விட்டார்.

பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அடுத்து இன்னொரு இந்து வந்தார். அதே துயரம்! அதே பதில்!

பொழுது விடிந்தது. சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்!

டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் உதவி போய்ச் சேரவில்லை. ஐடாவின் மனம் மாறியது.

வேலூர் டாக்டரம்மா

அமெரிக்கா சென்ற ஐடா, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்தார். முதலில் ஒரு சிறிய அறையில் வைத்தியம் செய்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி எழுந்தது. மாட்டு வண்டியிலும், பின்னர் காரிலும் கிராமங்களுக்குச் சென்றார்.

ஒருவர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. 1960-ல், 89-வது வயதில், கொடைக்கானலில் காலமானார்.

தழும்பு சொல்லும் எச்சரிக்கை

ஐடா பிறந்த காலத்தில் சிசேரியன் என்றால் தாய் பிழைப்பது அரிது. 1882-ல் ஜெர்மன் டாக்டர் மாக்ஸ் சேங்கர், கருப்பையை நன்றாகத் தைத்து மூடும் முறையைக் காட்டினார். ஐடா மறைவதற்குள் அது உயிர் காக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது.

ஆனால் கருப்பையில் தழும்பு இருக்கும். அடுத்த பிரசவ வலியில் அது பிரிந்துவிடலாம். கருப்பையின் அடிப்பகுதியில் ஒரே ஒரு முறை குறுக்காக வெட்டியவர்களில், ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இப்படி நேரலாம். நெடுக்காக வெட்டியிருந்தால் ஆபத்து அதிகம். நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொண்டு ரத்தம் கொட்டுவதும் உண்டு.

அதற்காகப் பயப்பட வேண்டாம். டாக்டர் சம்மதித்து முயன்றவர்களில், நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு அடுத்தது சுகப்பிரசவம்தான். ஆனால் நினைத்தவுடன் ஆபரேஷன் செய்ய வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் அது நடக்கவேண்டும். வீட்டில் கூடவே கூடாது.

கீழ்புத்துப்பட்டானாலும் வேறு எந்த ஊரானாலும், முதல் பிள்ளையை ஆபரேஷனில் பெற்ற தாய் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். மறுபடி கருவுற்றதுமே அதை டாக்டரிடம் காட்டவேண்டும். எங்கே பிரசவம் என்பதை வீட்டார் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். வலி கண்டாலும், ரத்தம் பட்டாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

அன்று மூன்று கணவர்கள் நள்ளிரவில் உதவி தேடி ஓடினார்கள். இன்று உதவி இருக்கிறது. அதைத் தேடி நேரத்தில் போவதே வீட்டாரின் கடமை.