காரிக்காளையும் சி. சு. செல்லப்பாவும்

மதுரைக்கு வடமேற்கே, கொடைக்கானல் மலைக்கு ஏறுவோர் கடந்து செல்லும் வத்தலக்குண்டு என்னும் ஊர் அளவிற் சிறியதாயினும், தமிழ் உரைநடைக்கு அது செய்த உபகாரம் சிறியதன்று. 1893-ஆம் ஆண்டில் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதத் தொடங்கிய ராஜமையரும், மணிக்கொடியைச் சிறுகதைக்கென்றே நடத்திய பி. எஸ். ராமையாவும் அவ்வூரினரே. அவ்விருவர்க்கும் பின் மூன்றாமவராக வைத்து எண்ணத்தக்கவர் சி. சு. செல்லப்பா. அவரது வாழ்க்கையையும், சிறப்பாக அவர் ஒரு கொல்லேற்றைக் கதாபாத்திரமாக்கிய திறத்தையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா 1912-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29-ஆம் நாள் பிறந்தார். வத்தலக்குண்டில் வளர்ந்து, மதுரையில் கல்லூரிக் கல்வி பயின்றார். காந்தியடிகளிடத்துக் கொண்ட பற்று அவரைச் சிறைக்கும் அனுப்பிற்று. சென்னைக்கும் அனுப்பிற்று எனலாம். மணிக்கொடியில் எழுதிய கதைகளால், அவற்றுள்ளும் 'சரஸாவின் பொம்மை'யால், அவர் பெயர் நிலைபெற்றது. பட்டணத்திற் குடியேறிய பின்னும் அவர் உள்ளம் மதுரைச் சீமையின் கரிசலையும் ஆற்று மணலையும் விட்டகலவில்லை என்பதற்கு 'வாடிவாசல்' ஒன்றே சான்றாகும்.

1959-இல் வெளிவந்த அந்நூல் மிகச் சிறியது. கதை நிகழ்வதோ ஒரே ஒரு பிற்பகற் பொழுது. செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு உசிலனூரினின்று பிச்சி என்னும் இளைஞன் மருதன் என்பவனுடன் வந்து வாடிவாசலண்டை நிற்கின்றான். அவன் தந்தை அம்புலி பேர்போன மாடுபிடி வீரன். காரி என்னும் காளையின் கொம்பிற் பட்டு உயிர் நீத்தவன். அக்காளை வாடிபுரம் ஜமீந்தாருடையதாய் இன்று களத்தில் இறங்கப் போகின்றது. மேடைமீது ஜமீந்தார் வீற்றிருக்கின்றார்.

கொலை புரியும் பாத்திரத்தைப் படைக்கப் புகும் எழுத்தாளர் பலர், முதற் பக்கத்திலேயே அதன் கண்களைச் சிவக்கச் செய்து, பற்களை நெறிக்கச் செய்து நம்மை அச்சுறுத்த முயல்வர். நாமோ இரண்டாம் பக்கத்தில் அச்சம் தெளிந்து விடுவோம்! செல்லப்பா அவ்வழியிற் செல்லவில்லை. காரியை அவர் நெடுநேரம் நம் கண்ணிற் காட்டுவதேயில்லை. அதன் பெயர் மட்டும் வாய்க்கு வாய் செல்கின்றது. அனுபவமுள்ள கிழவனொருவன் பேச்சுவாக்கில் அதன் குணங்களைச் சொல்லச் சொல்ல, அம்புலியின் மரணமும் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றது. இடையில் வேறு காளைகள் வருகின்றன. அவற்றைப் பிச்சி அணைந்து வெல்கின்றான். அவ்வெற்றி நமக்கு மகிழ்ச்சி தருவதற்கு மாறாகக் கவலையையே மிகுவிக்கின்றது. ஏனெனில் இவையெல்லாம் காரி அல்லவே! ஈற்றில் அது வரும்பொழுது பாய்ந்து வரவில்லை. நிதானித்து நிற்கின்றது. அந்த நிதானமே கொலையினுங் கொடியதாக நமக்குத் தோன்றுகின்றது.

எனினும் அவ்விலங்கின்மீது நமக்கு வெறுப்பு எழாதவாறு ஆசிரியர் காத்து நிற்பதே வியப்பு. காரிக்குப் பகையில்லை, அம்புலியைக் குத்தியது அதற்கு நினைவிருக்கவும் நியாயமில்லை. பகையைச் சுமந்து வந்தவன் மனிதன். அங்ஙனம் பழிதீர்க்க வந்தவனும் காளையைக் கொல்ல வந்தானல்லன். களத்து முறைப்படி வெறுங்கையால் அதனை அடக்கவே வந்தான். அடக்கியும் விடுகின்றான். பின்னர்த் தோல்வியுற்ற காளை வெறிகொண்டோட, அதனைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்துபவர் அதற்கு உடையவராகிய ஜமீந்தாரே. கொம்புடையதும் பழியுடையவனும் செய்யாத ஒன்றை மானமுடையவர் செய்து முடிக்கின்றார். கதையிற் கொலையுள்ளம் யாருடையது என்று நம் மாணவ நண்பர்கள் விடுதியில் வாதிட்டுப் பார்க்கலாம்.

ஸ்பெயின் தேசத்து எருதுப் போரைப் பற்றி 1932-இல் நூலெழுதிய ஹெமிங்வேயோடு இவரை ஒப்பிடுவாருமுளர். நமக்கு அவ்வொப்புமை முழுதும் உடன்பாடன்று. ஆங்கு வீரன் வாளேந்தி எருதைக் கொல்வதே ஆட்டத்தின் முடிவு. முல்லைக்கலி பாடிய காலந்தொட்டு நம் நாட்டில் நிகழ்வதோ ஏறு தழுவுதல். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் தைத்திங்களில் இன்றுங் காண்பது அதுவே. ஆகவே வாடிவாசலில் வெடிக்கும் துப்பாக்கி களத்துக்குப் புறம்பானது, மேடையினின்று வந்தது. இவ்வேற்றுமையை நீக்கிவிட்டால் கதையே இல்லை.

நூலிற் பேசுவோர் அனைவரும் மதுரைப் பக்கத்துப் பேச்சையே பேசுகின்றனர். நகரத்திற் பிறந்து வளர்ந்தவர்க்கு முதலிற் சில சொற்கள் விளங்கா. உசிலம்பட்டிப் பக்கத்து நண்பரொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பின் எல்லாம் விளங்கும். நாம் அங்ஙனமே செய்தோம்.

அதே 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் 'எழுத்து' என்னும் பத்திரிகையை அவர் தொடங்கினார். புதுக்கவிதையும் விமர்சனமும் அதிற் செழித்தன, கைப்பொருள் செழிக்கவில்லை. 1970 வரை அதனை இழுத்துச் சென்றார். தாம் அச்சிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து, ஊரூராகச் சென்று, கல்லூரி வாயில்களில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கண்டு விற்றார். வாங்கினோர் சிலர், வாங்காது சென்றோர் பலர். முதுமையில் 'சுதந்திர தாகம்' என்னும் பெருநாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் காலமானார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது 2001-இல்.