புதுச்சேரியை வளர்த்த தம்பதியர்

புதுச்சேரி என்றதும் கடற்கரையும் நேர்க்கோடான வீதிகளும் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர் அங்கே காலூன்றக் காரணமாக இருந்தவர்கள், பாரிஸ் நகரின் எளிய தம்பதியர்: பிரான்சுவா மார்ட்டின், மரி குப்பர்லி.

1634இல் பிறந்த மார்ட்டின் பலசரக்குக் கடையில் தொழில் பழகினார். மீன் விற்ற மரியை மணந்ததால் அந்த வேலை பறிபோனது. வயிற்றுப்பாட்டுக்காகப் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்ந்து, 1665இல் கப்பலேறினார். மனைவி, பிள்ளைகள் பாரிஸில் தங்கினர்.

மடகாஸ்கர், சூரத், மசூலிப்பட்டினம் என அலைந்த மார்ட்டின், 1674இல் இன்றைய சென்னையிலுள்ள சாந்தோமைப் பிரெஞ்சுக்காரர் இழந்த காலத்தில், புதுச்சேரியைப் பொறுப்பேற்றார். அந்த இடத்தைக் கொடுத்தவர் பீஜப்பூர் அரசின் ஆளுநர் ஷேர்கான் லோடி. 1677இல் சிவாஜியின் படை அவரைத் தோற்கடித்தபோதும், மார்ட்டின் தூது அனுப்பிப் பேசி ஊரைக் காப்பாற்றினார். நெசவாளர்களும் வணிகர்களும் குடியேற, துணி வியாபாரம் வளர்ந்தது.

மரி கணவரிடம் வந்து சேர்ந்தது 1686இல்தான். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. விசாவுக்காகக் காத்திருந்த நம் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பின் பாரம் தெரியும்.

சேர்ந்து வாழ்ந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. 1693இல் ஒல்லாந்தர் பெரும் படையுடன் வந்து ஊரைப் பிடித்தனர். மார்ட்டின் வங்காளத்துக்குப் போனார். அங்கே சந்திரநாகூரில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவியவர் அவரது மருமகன். 1697 உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்தது. ஒல்லாந்தர் கட்டிய அரண்களுக்கு 16,000 வராகன் கொடுத்து, 1699இல் மார்ட்டின் அதைப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. நேரான வீதிகளுக்கு ஒல்லாந்தர் போட்டிருந்த திட்டத்தை அவர் கைவிடவில்லை. 1701இல் புதுச்சேரி இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக் குடியிருப்புகளின் தலைமையிடமானது.

அவர் செய்தவை எல்லாம் நியாயமானவை அல்ல. இயேசு சபையாரின் நெருக்குதலால் வேதபுரீஸ்வரர் கோயில் வழிபாட்டில் கைவைக்கப் பார்த்தார். மக்கள் ஊரைவிட்டே வெளியேறப் புறப்பட்டனர். நெசவாளரும் வணிகரும் போய்விட்டால் கணக்குப் புத்தகத்தில் எழுத எதுவும் மிஞ்சாது. கம்பனிக் கணக்கிலேயே வளர்ந்த மார்ட்டினுக்கு அது விளங்கியது, பின்வாங்கினார்.

1706இல் கோட்டை கட்டி முடிந்தது. அந்த ஆண்டின் கடைசி நாட்களில் மார்ட்டின் புதுச்சேரியிலேயே காலமானார். அவர் எழுதிய நாட்குறிப்புகளை வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மரியைப் பற்றி எஞ்சியிருப்பவை சில வரிகளே. ஆனாலும் புதுச்சேரியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இருபது ஆண்டுகள் காத்திருந்து கடல் கடந்து வந்த அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.