நாணலைக் கரும்போடு சேர்த்தவர்

கரும்பு சாகுபடியில் நீங்கள் விதை தூவுவதில்லை, கரணைதான் நடுகிறீர்கள். கரணையின் பருவிலிருந்து முளைப்பது தாய்க்கரும்பின் மறுபதிப்பு. தாயின் குணமும் குறையும் அதில் அப்படியே இருக்கும். புதிய ரகம் வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும். வேறொரு செடியின் மகரந்தம் சேர்ந்து விதை பிடிக்க வேண்டும். இந்த வழியில் நம் நாட்டுக் கரும்பின் தலையெழுத்தை மாற்றியவர் டி.எஸ். வெங்கட்ராமன்.

1884-ல் பிறந்த இவர், 1912-ல் கோவையில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சார்லஸ் பார்பரின் கீழ் பணியாற்றினார். அன்று கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வட இந்தியாவில் இருந்தது. அங்கு விளைந்தவை மெலிந்த, மகசூல் குறைந்த கரும்புகள். தெற்கின் தடித்த கரும்போ வடக்கின் குளிரைத் தாங்காது. நாட்டின் தேவைக்கு ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதியானது. வடக்கில் கரும்பு விதை பிடிப்பது அரிது. கோவையில் நன்றாகப் பூக்கும். எனவே வடக்குக்கான ரகத்தையும் கோவையிலேயே உருவாக்கினார்கள்.

‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பின் பூவில் காட்டு நாணலின் மகரந்தம் சேர்க்கப்பட்டது. நாணலில் சர்க்கரை சொற்பம். ஆனால் வறட்சியையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும், நன்றாகத் தூர் கட்டும். ஒவ்வொரு விதையிலும் இரு பெற்றோரின் மரபணுக்கள் வெவ்வேறு விதமாகக் கலப்பதால், நாற்றுகள் ஒன்றுபோல் இருக்காது. பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டு, இனிப்பும் உறுதியும் சேர்ந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேறியதுதான் கோ 205. 1918-ல் வெளியான இந்த ரகம் பஞ்சாபில் உள்ளூர்க் கரும்பைவிடக் கூடுதல் மகசூல் தந்தது. தேறிய ரகத்தைக் கரணையால் பெருக்கினால் குணம் மாறாது என்பதால், அது விரைவில் பரவியது.

பார்பருக்குப் பின் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற வெங்கட்ராமன், 1942-ல் ஓய்வு பெற்றார். தென்னிந்தியாவில் வெகுகாலம் கோலோச்சிய கோ 419 ரகமும் அவர் காலத்தில் வந்ததே. சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கரும்பை ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். 1963-ல் மறைந்தார்.

இன்று நீங்கள் நடும் கரும்பிலும் நாணலின் மரபணுக்கள் இருக்கின்றன. புதிய நோயோ கடும் வறட்சியோ வரும்போது, அதைத் தாங்கும் குணத்தை மீண்டும் காட்டினங்களில்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே வாய்க்கால் கரையில் நிற்கும் நாணலைக் களை என்று முழுக்க அழித்துவிடாதீர்கள். வயலுக்குள் புகுந்தால் அகற்றுங்கள். கரையில் நிற்பது நிற்கட்டும்.